வெள்ள மீட்புத் தொண்டராகச் சேர: பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் என்ன இருக்கிறது?

"நம் பகுதிக்கு நாமே ஒரு மீட்புக்குழு வைத்துக்கொள்ள முடியாதா?" 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஏப்ரல் 11, 12 தேதிகளில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் 57ஆம் எண் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, ஒவ்வொரு மாநகராட்சியும் மாவட்ட நகராட்சியும் ஒரு பேரிடர் மேலாண்மை மையம் வைத்தே ஆகவேண்டும். டர்பனுக்கு அது எதெக்வினி மாநகராட்சியின் பொறுப்பு. அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு, நகராட்சி ஒரு தொண்டர் பிரிவை அமைக்கலாம் என்கிறது. தகுதி உள்ள யாரும் அதில் சேர விண்ணப்பிக்கலாம்.

'அமைக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மையம் கட்டாயம், தொண்டர் பிரிவு கட்டாயம் இல்லை. அதனால் முதலில் மையத்திடம் கேட்க வேண்டியது: தொண்டர் பிரிவு இருக்கிறதா, இப்போது ஆள் சேர்க்கிறார்களா, என்ன பயிற்சி தருகிறார்கள்? இல்லை என்று பதில் வந்தால் வார்டு உறுப்பினரிடம் போங்கள். நகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தில் பேரிடர்த் திட்டமும் ஒரு பகுதியாக இருக்கவேண்டும். அதற்காக நடக்கும் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சரி, பெயர் பதிந்தாயிற்று. உடனே ஆற்றில் இறங்கிவிடலாமா? கூடாது. நான் பார்த்தவரை ஆர்வமுள்ள பையன்கள் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 1987ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, தீயிலிருந்து மட்டுமல்ல, மற்ற ஆபத்துகளிலிருந்தும் உயிரைக் காப்பது தீயணைப்புப் படையின் வேலை. தண்ணீருக்குள் போவது தீயணைப்புப் படை, போலீஸ் முக்குளிப்பாளர்கள், தேசிய கடல் மீட்பு நிறுவனத்தின் பயிற்சி பெற்ற தொண்டர்கள் போன்றவர்களின் வேலை. அவர்களுக்கே அது ஆபத்தானது. 2022 வெள்ளத்தில் காணாமல் போனவர்களைத் தேடப் போன பெண் போலீஸ் சார்ஜெண்ட் ஒருவரும் அவருடைய மோப்ப நாயும் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார்கள்.

காரணம் தண்ணீரின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்குக் கீழே ஓடும் வெள்ளமே ஆளைச் சாய்த்துவிடும். 60 சென்டிமீட்டர் ஆழம் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். நீச்சல் குளத்தில் வாங்கிய பதக்கம் இங்கே உதவாது.

அதனால் பயிற்சி கரையில்தான் தொடங்கும். எங்கே நிற்கக்கூடாது, தடுப்பணைக்குக் கீழே சுழலும் நீர் ஏன் ஆளை விடாது என்பதெல்லாம் முதல் பாடம். அப்புறம் கயிற்றுப்பை, அதாவது உள்ளே நீளக் கயிறு வைத்த பை, வீசிப் பழகவேண்டும். மீட்கும் வரிசையும் அதுதான்: முதலில் கழியை நீட்டு, எட்டவில்லையா, கயிறு வீசு, அதுவும் முடியாதா, படகில் போ. ஆள் இறங்குவது கடைசி வழி. இறங்குகிறவரின் இடுப்பில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால் ஓட்டம் அவரைத் தண்ணீருக்கு அடியில் அழுத்தி வைத்துவிடும். ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பட்டை வைத்த மீட்புச் சட்டைகள் இதற்காகவே இருக்கின்றன. தவறி விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து, காலை முன்னே நீட்டி மிதக்கவேண்டும்.

ஒருவர் மீட்கப் போனால் ஆற்றின் மேல்பக்கம் ஒருவர் மிதந்து வரும் மரங்களைப் பார்த்து விசில் ஊதவேண்டும், கீழ்ப்பக்கம் ஒருவர் கயிற்றோடு தயாராக நிற்கவேண்டும். இந்த வேலைகளுக்கும் லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் கட்டாயம். தீயணைப்பு வீரரின் கனமான கோட்டும் பூட்ஸும் தண்ணீரில் எதிரி.

1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருகியபோது, மாரிமுத்து படவட்டானும் கூட இருந்தவர்களுமாக ஆறு மீனவர்கள் ஒரு படகில் 176 பேரைக் காப்பாற்றினார்கள். இந்தக் கதையை வெறும் துணிச்சல் கதையாகவே சொல்கிறோம். அவர்கள் கடலில் வலை இழுத்துப் பிழைத்தவர்கள். துடுப்பும் அலையும் அவர்களுக்கு அன்றாடத் தொழில் என்பதை விட்டுவிடுகிறோம்.

நீச்சல் தெரியாதவர்களுக்கும் தொண்டர் பிரிவில் வேலை உண்டு. வானிலைச் சேவையின் எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தோடு எண்ணிலும் வரும். 10 என்றால் சிவப்பு. ஆரஞ்சு வந்ததுமே ஆற்றோரத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள் யார், மருந்து எடுத்துக்கொள்பவர்கள் யார் என்று தெரிந்துவைத்து, இருட்டுவதற்குள் கூட்டிவர ஆள் வேண்டும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது வெளியூரிலிருந்து வரும் மீட்புப் படகுக்குத் தெரியாது, அங்கே இருக்கும் ஆயாவுக்குத் தெரியும்.