பட்சிக்கிற அக்கினி: ஒரு சொல்லின் பொருளும் தமிழும்

“நம்முடைய தேவன் பட்சிக்கிற அக்கினியாயிருக்கிறாரே” என்ற வசனத்தோடு எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 12ஆம் அதிகாரம் முடிகிறது. சீர்திருத்தத் திருச்சபைகளில் வளர்ந்த தமிழர் பலர் இதைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் ‘பட்சிக்கிற’ என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்டுப் பார்த்தால், ‘எரிக்கிற’ அல்லது ‘அழிக்கிற’ என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. சூழலை வைத்து ஊகித்த விடை என்ற அளவில் அது பிழையன்று. சொல்லின் நேர்ப்பொருள் மட்டும் அதுவன்று. பட்சித்தல் என்றால் உண்ணுதல். தீபாவளிக்குச் செய்யும் பட்சணம் எந்த வடமொழி வினையடியிலிருந்து வந்ததோ, அதே ‘பக்ஷ்’ என்னும் அடியிலிருந்துதான் இந்தச் சொல்லும் வந்தது. பறவையைக் குறிக்கும் ‘பட்சி’ வேறு சொல்; தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் இன்றைய இளம் வாசகர் ஒரு கணம் தடுமாறுவதும் உண்டு.

அக்கினி என்பதன் வரலாறு எளிது. ககர மெய்யும் னகரமும் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் ஒலிமரபு ஏற்பதில்லை. ஆகவே வடமொழி ‘அக்னி’ இடையில் ஓர் இகரம் பெற்று ‘அக்கினி’ ஆயிற்று. இலத்தீன் மொழியில் நெருப்பைக் குறிக்கும் ‘இக்னிஸ்’ இதற்கு உறவுச்சொல். விவிலியத்தை இலத்தீனில் தந்த பழங்காலத் துறவி எரோனிமுவின் மொழிபெயர்ப்பில் உள்ள ‘இக்னிஸ் கோன்சூமென்ஸ்’ என்ற தொடரும், தமிழ் வேதாகமத்தின் ‘பட்சிக்கிற அக்கினி’யும் அந்த வகையில் தூரத்துச் சொந்தங்கள். மூலமாகிய எபிரேயச் சொல் ‘ஏஷ்’, செமித்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றோடு அதற்கு உறவில்லை.

எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் இந்தத் தொடரைப் பழைய ஏற்பாட்டு நூலாகிய உபாகமத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அங்கே 4ஆம் அதிகாரத்தின் 24ஆம் வசனத்தில் மோசே, “உன் தேவனாகிய கர்த்தர் பட்சிக்கிற அக்கினி, அவர் எரிச்சலுள்ள தேவன்” என்று சொல்கிறார். எபிரேயத்தில் ‘ஏஷ் ஓக்லா’. ‘ஓக்லா’ என்பதன் வேர் ‘அ-க-ல்’. அந்த மொழியில் சாப்பிடுவதற்கான அன்றாட வினை இதுதான். ஏதேன் தோட்டத்தின் மரங்களில் எதன் கனியை உண்ணலாம், எதன் கனியை உண்ணலாகாது என்று சொல்லப்படும் இடத்தில் வரும் வினையும் இதுவே. எனவே எபிரேய வாசகரின் காதில் ‘ஏஷ் ஓக்லா’ என்பது ‘தின்னும் தீ’ என்றே விழும். அதில் மறைபொருளும் இல்லை, சமயக் கலைச்சொல்லின் கனமும் இல்லை. அன்றாடம் அப்பம் தின்னும் வாயின் சொல் அது.

இதை அறிந்த பிறகு யாத்திராகமம் 3ஆம் அதிகாரத்தைப் படித்தால், பலமுறை படித்த பகுதியே புதிதாகத் தோன்றும். ஓரேப் மலையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசே ஒரு முட்செடியைப் பார்க்கிறார். “முட்செடி அக்கினியால் ஜுவாலித்து எரிந்தும், அது வெந்துபோகாமல் இருந்தது” என்பது தமிழ். ‘வெந்துபோகாமல்’ என்று தமிழில் நிற்கும் இடத்தில் எபிரேயம் சொல்வது ‘ஏனென்னு உக்கால்’, அதாவது ‘அது உண்ணப்படவில்லை’. ‘ஓக்லா’வும் ‘உக்கால்’ என்பதும் ஒரே வேரின் இரு வடிவங்கள். உபாகமத்தில் கடவுள் உண்ணும் தீ. முட்செடியிலோ அதே தீ உண்ணாமல் எரிகிறது. கிறித்தவத்தில் கடவுளுக்கு நெருப்பை உருவகமாக்கும் மரபு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையேதான் நிற்கிறது என்பது என் எண்ணம். மொழிபெயர்ப்பில் ஒன்று ‘பட்சித்தல்’ என்றும் மற்றொன்று ‘வேதல்’ என்றும் பிரிந்துவிட்டதால், தமிழ் வாசகருக்கு அந்தத் தொடர்பு தெரிய வழியில்லாமல் போயிற்று.

இந்தப் பிரிவைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. கிறிஸ்துவுக்கு முந்தைய 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மோசேயின் நூல்களைக் கிரேக்கத்தில் தந்த யூத அறிஞர்களே, உபாகமத்தில் ‘பூர் கத்தனலிஸ்கோன்’ என்றும், முட்செடிக்கு ‘எரிந்து தீரவில்லை’ என்ற பொருள்படும் வேறொரு வினையையும் இட்டார்கள். ‘கத்தனலிஸ்கோ’ என்றால் முற்றாகச் செலவழித்துத் தீர்ப்பது. எரோனிமுவும் இரண்டு இடங்களுக்கு இரண்டு வினைகளையே கையாண்டார். இணைப்பு அறுந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

உண்ணுதல் என்பது அழித்தலுக்கு வெறும் அலங்காரப் பெயர்தானே என்று ஒருவர் கேட்கலாம். அப்படியன்று என்பதற்கு லேவியராகமமே சான்று. 9ஆம் அதிகாரத்தின் இறுதியில், ஆரோன் முதன்முறையாகப் பலி செலுத்தியபோது, கர்த்தருடைய சந்நிதியிலிருந்து தீ புறப்பட்டுப் பலிபீடத்தின்மேல் இருந்ததை உண்டது. ஜனங்கள் ஆரவாரித்து முகங்குப்புற விழுந்தார்கள். அடுத்த அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில், அந்நிய அக்கினியைக் கொண்டுவந்த ஆரோனின் புதல்வர் நாதாபையும் அபியூவையும் அதே சந்நிதியிலிருந்து புறப்பட்ட தீ உண்டது. எபிரேயத்தில் இரண்டு வாக்கியங்களும் ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து ஒன்றே. உண்ணப்பட்டது எது என்பது மட்டுமே மாறுகிறது. முதலாவதில் உண்ணுதல் ஏற்றுக்கொள்ளுதல், இரண்டாவதில் தண்டனை. ‘அழிக்கும்’ என்று மொழிபெயர்த்தால் பலி ஏற்கப்பட்ட மகிழ்ச்சிக்கு அங்கே இடமிராது. படைத்ததை உண்பவர் அதை ஏற்றுக்கொண்டவர் என்பதைப் படையல் இடும் பழக்கமுள்ள எந்தச் சமூகத்துக்கும் விளக்கத் தேவையில்லை. யாத்திராகமம் 24ஆம் அதிகாரம் இன்னும் வியப்பானது. அங்கே இஸ்ரவேலின் மூப்பர்கள் மலையேறி, தேவனைக் கண்டு, உண்டு குடிக்கிறார்கள். ஆறு வசனங்கள் கழித்து, மலையுச்சியில் அவருடைய மகிமை உண்ணும் தீயைப்போல் காட்சி தருகிறது. உண்டார்கள் என்பதற்கும் உண்ணும் என்பதற்கும் வேர் ஒன்றே.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த வாயை நன்றாகக் கேட்டிருக்கிறது என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும். கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியாவின் பலியின்மேல் இறங்கிய தீ, பலியையும் விறகையும் கல்லையும் மண்ணையும் “பட்சித்து”, வாய்க்காலில் இருந்த தண்ணீரையும் “நக்கிப்போட்டது” என்று 1 இராஜாக்கள் 18:38 சொல்கிறது. எபிரேயத்திலும் நக்குதல் என்ற வினையே உள்ளது. வேதாகமத்துக்கு இது தகுமா என்று கூசாமல் ‘நக்கிப்போட்டது’ என்று எழுதிய கையை நான் மதிக்கிறேன்.

‘எரிச்சலுள்ள தேவன்’ என்ற தொடருக்கும் இங்கே ஒரு சொல் உரியது. இன்று எரிச்சல் என்றால் சள்ளை, சிடுசிடுப்பு. ஆகவே இத்தொடர் பலருக்குக் கடவுளைக் குறைத்துப் பேசுவதுபோல் படுகிறது. எபிரேய ‘கன்னா’ குறிப்பது, தனக்கு உரியவரைப் பிறருக்கு விட்டுக்கொடாத அன்பின் வைராக்கியம். வயிற்றெரிச்சல் என்று நாம் பொறாமையைச் சொல்லும்போது அந்தப் பழைய பொருளின் ஒரு துண்டு இன்னும் ஒலிக்கிறது. ‘எரி’ என்னும் தமிழ் வேர் இதில் இருப்பதால், வசனத்தின் முன்பாதியில் உள்ள நெருப்பு பின்பாதியிலும் தொடர்ந்து எரிகிறது.

‘அக்கினி’ என்ற சொல்லில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அது வேள்வித் தீயின் பெயர். அவியுணவைப் பெறும் ஒரு தெய்வத்தின் பெயரும்கூட. “தேவன் அக்கினி” என்று தமிழில் கேட்கும்போது, கடவுளை நெருப்போடு ஒன்றாக்குவதாக ஒருவர் எண்ண இடமுண்டு. விவிலியம் அந்த எல்லையை மிகக் கவனமாகக் காக்கிறது. கர்மேலில் தீயை இறக்கிய அதே எலியா அடுத்த அதிகாரத்தில் ஓரேபுக்குத் தப்பி ஓடுகிறார். அங்கே பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி ஆகியவை வருகின்றன. “அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை” என்கிறது 1 இராஜாக்கள் 19:12. அக்கினிக்குப் பின்னர் ஒரு மெல்லிய சத்தம் வருகிறது. மோசே முட்செடியில் தீயைக் கண்டதும் ஓரேபில்தான். அதே மலையில் தீ வெறுந்தீயாக நிற்பதும் காட்டப்படுகிறது. ஆகவே நெருப்பு கடவுளைச் சுட்டும் உருவகம், கடவுளே அன்று.

மல்கியா 3:2 வேறொரு நெருப்பைக் காட்டுகிறது. “அவர் புடமிடுகிறவனுடைய அக்கினியைப்போலவும், வண்ணாருடைய சவுக்காரத்தைப்போலவும் இருப்பார்.” இங்குள்ள எபிரேய வினை ‘சாரஃப்’, உலோகத்தை உருக்கித் தூய்மை செய்தல். பண்டைய மேற்காசியாவில் ஈயக் கனிமத்திலிருந்தே வெள்ளியைப் பெரும்பாலும் பிரித்தெடுத்தார்கள். எலும்புச் சாம்பல் போன்ற நுண்துளையுள்ள பொருளால் ஆன கிண்ணத்தில் உலோகக் கலவையை உருக்கி மேலே காற்றை ஊதும்போது, ஈயம் காற்றோடு கூடிக் கிண்ணத்தில் ஊறி இறங்கிவிடும், வெள்ளி மட்டும் மேலே மிஞ்சும். வெள்ளி உருகுவதற்கு ஏறத்தாழ 962 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். இந்த நெருப்பு வெள்ளியைத் தொடாமல் விடவில்லை, உருக்கிவிடுகிறது; ஆயினும் உண்ணவில்லை. ‘புடம்’ என்ற தமிழ் வழக்கு இதற்கு முழுதும் பொருந்துவதன்று என்பதையும் குறிக்கவேண்டும். சித்த மருத்துவத்தில் புடமிடுவது என்றால் வறட்டி அடுக்கி எரித்து, மருந்துச் சரக்கைப் பற்பமாக்குவது. என்றாலும் ‘புடம் போட்ட தங்கம்’ என்ற பேச்சுவழக்கு அந்த இடைவெளியை எப்போதோ நிரப்பிவிட்டதால், இங்கே சொல்லை மாற்றவேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

தூய ஆவி சீடர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் நெருப்பு நாக்காகிறது. உண்ணும் வாய்க்கு நாக்கு உண்டு என்பதைத் தீர்க்கதரிசி ஏசாயா முன்பே சொல்லியிருந்தார். 5:24இல் வைக்கோலைத் தின்பது, எபிரேய மூலத்தின்படி, ‘லெஷோன் ஏஷ்’, அதாவது தீயின் நாக்கு. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் “அக்கினிமயமான நாவுகள்” ஒவ்வொருவர்மேலும் அமர்கின்றன, யாரையும் உண்ணவில்லை. அதற்கு மாறாக அவர்கள் பேசத் தொடங்குகிறார்கள். நாவுக்கும் அவர்கள் பேசிய மொழிகளுக்கும் கிரேக்கத்தில் ‘குளோஸ்ஸா’ என்ற ஒரே சொல். தமிழில் அது நாவு, பாஷை என இரண்டாகப் பிரிகிறது. உண்ணாத முட்செடியின் நடுவிலிருந்து மோசேக்கு ஒரு குரல் வந்தது. உண்ணாத நாவுகளிலிருந்து பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நாட்டாரின் மொழிகள் வந்தன.

பின்வந்த மரபும் இந்த ‘உண்ணாத தீ’யை விடாமல் பற்றிக்கொண்டது. கீழைத் திருச்சபை மரியாளை வேகாத முட்செடி என்று போற்றுகிறது. கடவுளைக் கருவில் தாங்கியும் அவர் அழியவில்லை என்பதே காரணம். ஏசாயாவின் உதடுகளைத் தொட்ட தழலை நினைந்து, சிரியாக் மொழியில் வழிபடும் கிறித்தவ மரபினர் நற்கருணையையே, அதாவது திருவிருந்தின் அப்பத்தையே, தழல் என்று அழைத்தார்கள். அங்கே வாய் மனிதருடையதாகிவிடுகிறது: தீ உண்பதில்லை, தீயை மனிதர் உண்கிறார். 1654ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இரவு பத்தரை மணி முதல் பன்னிரண்டரை மணிவரை தனக்கு நேர்ந்ததைப் பிரெஞ்சுக் கணித அறிஞரும் சிந்தனையாளருமான பிளேஸ் பாஸ்கல் ஒரு தாளில் குறித்தபோது, ‘நெருப்பு’ என்ற ஒற்றைச் சொல்லைத் தனி வரியாக எழுதி, அதன் கீழே ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்று தொடர்ந்தார். அந்தத் தாள் அவருடைய மேலாடையின் உள்ளே தைக்கப்பட்டிருந்தது, அவர் இறந்த பின்னரே தெரியவந்தது. முட்செடியிலிருந்து மோசே கேட்ட பெயர்கள்தாம் அவை.

இனி தமிழ் நிகர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், அக்கினியை விட்டு நெருப்பை எடுத்துக்கொண்டது சரியான முடிவு. தீ என்பதும் நல்ல சொல். ஆனால் தீமை, தீய என்பவற்றோடு அதற்குள்ள ஒலியொற்றுமை காதை விட்டு அகலாது, திருக்குறளின் 202ஆம் குறள் அந்த ஒற்றுமையின்மீதே கட்டப்பட்டுள்ளது. நெருப்புக்கோ தமிழில் வேறொரு பொருள் கூடியிருக்கிறது. கைக்கூலி வாங்காத அதிகாரியை, கறைபடாத வாழ்க்கை வாழ்ந்தவரை, ‘அவர் நெருப்பு’ என்கிறோம். நெருங்கத் தகாத தூய்மை என்பதே அதன் கருத்து. எபிரேயர் ‘பரிசுத்தம்’ என்று கண்டதற்கு இவ்வளவு அருகில் வரும் பேச்சுவழக்கு நம்மிடம் வேறில்லை.

வினைக்கு ‘விழுங்கும்’ பொருந்தாது. விழுங்கப்பட்ட யோனா மீனுக்குள் யோனாவாகவே இருந்தார், நெருப்பில் விழுந்த விறகோ நெருப்பாகிவிடுகிறது. ‘சுட்டெரிக்கும்’ கத்திரி வெயிலுக்கு உரியதாகிவிட்டது. நெருப்புக்கு வாய் உண்டு என்று தமிழுக்குச் சொல்லித்தரவும் வேண்டியதில்லை. குடிசைகள் தீக்கிரையாயின என்று நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன, இரை என்பது உணவு. ஆகவே ‘உண்ணும் நெருப்பு’ என்பதே நான் பரிந்துரைக்கும் தொடர். எபிரெயர் 12:29இன் கிரேக்க வினை உண்ணுதலைச் சொல்லவில்லையே என்ற தடை நியாயமானது. என்றாலும் அந்த நிருபத்தின் ஆசிரியர் அங்கே மோசேயின் வாக்கைக் கிரேக்க மொழிபெயர்ப்பு வழியாக எடுத்தாள்கிறார், எனவே மேற்கோள் தன் மூலத்தோடு ஒத்து ஒலிப்பதே முறை. அப்படிக் கொண்டால் உபாகமத்தில் “உன் கடவுளாகிய ஆண்டவர் உண்ணும் நெருப்பு” என்றும், யாத்திராகமத்தில் “முட்செடி நெருப்புப் பற்றி எரிந்தது, நெருப்பு அதை உண்ணவில்லை” என்றும் அமையும்.