பாரதந்திரியம்: தமிழில் என்ன சொல்லலாம்?

வைணவ உபந்நியாசம் கேட்கப் போனால் பத்து நிமிடத்துக்குள் காதில் விழுந்துவிடும் சொல், பாரதந்திரியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர் ஒருமுறை என்னிடம், "இது பரதன் பேரிலிருந்து வந்ததுதானே?" என்று கேட்டார். தப்புதான், ஆனால் அழகான தப்பு. இந்தச் சொல்லுக்கு உதாரணம் கேட்டால் முதலில் வந்து நிற்பவன் பரதன்தான்.

சொல் வடமொழி. பர என்றால் பிறர். தந்திரம் என்றதும் நமக்கு நரி ஞாபகம் வரும். வடமொழியில் அதற்குத் தறி, தறியில் ஓடும் பாவு என்று பொருள் உண்டு. அதிலிருந்து ஒழுங்கு, ஆளுகை என்றெல்லாம் விரிந்தது. தன் ஆளுகையில் தான் இருந்தால் சுதந்திரம், பிறர் ஆளுகையில் இருந்தால் பரதந்திரம். சுந்தரம் சௌந்தரியம் ஆவது போல, பரதந்திரம் நீண்டு பாரதந்திரியம் ஆகிறது. ஆகஸ்ட் 15-இல் நாம் கொண்டாடுவதற்கு நேர் எதிர்ச்சொல் இது. அதைத்தான் உபந்நியாசகர் உயர்ந்த குணம் என்கிறார்.

ஏன் உயர்ந்தது? இலக்குவன் காட்டுக்குக் கூடவே வருவேன் என்று அடம்பிடித்துப் போனான். அது கைங்கரியம், பணி செய்வது. பரதன் இராமனைத் திரும்ப அழைத்து வரச் சித்திரகூடம் வரை போனான். கெஞ்சிப் பார்த்தான், வாதாடிப் பார்த்தான். கிடைத்தது ஒரு ஜோடி பாதுகை. அதைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி, நந்திக்கிராமத்தில் 14 ஆண்டு இருந்தான். இலக்குவனுக்குப் பிடித்ததும் இராமன் கடைசியில் சம்மதித்ததும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. பரதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அண்ணனோடு இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை, நாட்டுக்குப் போ என்பது அண்ணன் சொல். அவன் போனான். பாரதந்திரியத்துக்கு அவனைக் காட்டுவது இதனால்தான்.

வைணவ உரைகளில் ஓர் உவமை உண்டு. கட்டிப்பொன் நகையாகத் தகுதி உள்ளது. நகையாகிவிட்ட பொன்னோ, உடையவர் பூட்டினால் கழுத்தில் கிடக்கும், கழற்றினால் பெட்டியில் கிடக்கும். முதலாவது சேஷத்துவம், அதாவது ஒருவருக்கு உரியதாய் இருப்பது. இரண்டாவது பாரதந்திரியம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கீழ்ப்படிதல் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படியலாம், எட்டாம் வகுப்பில் நான் முழுக்க அதைத்தான் செய்தேன். அந்தச் சொல் செயலைச் சொல்கிறது, யாருக்கு உரியவன் என்பதைச் சொல்லவில்லை. அடிமை என்பது ஆழ்வார்களும் நாயன்மார்களும் ஆசையோடு சொன்ன சொல். ஆனால் இன்று அதைப் படிப்பவருக்கு சந்தையில் விற்கப்பட்ட மனிதர்கள்தான் கண்முன் வருவார்கள், அப்புறம் அதை விளக்கவே ஒரு பக்கம் வேண்டும்.

நான் எடுப்பது ஆட்படுதல். ஆள் என்பது வேடிக்கையான சொல். வினையாக நின்றால் அரசு செய்வது, பெயராக நின்றால் பணி செய்பவன். "அவன் மந்திரியோட ஆளு" என்று டீக்கடையில் சொல்லும்போது இரண்டாவது பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதற்குப் பழைய ஆட்சியும் உண்டு. திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் "வாழாட்பட்டு நின்றீர்" என்று கூப்பிடுகிறார். அவர் வளர்த்த மகள் ஆண்டாள் திருப்பாவையில், "உனக்கே நாம் ஆட்செய்வோம் மற்றை நம் காமங்கள் மாற்று" என்கிறாள்.

அந்த "மற்றை நம் காமங்கள்" எவை? பொன், பொருள் என்று நினைத்தால் உரையாசிரியர்கள் விட மாட்டார்கள். உனக்குப் பணி செய்வதில் என் சந்தோஷத்துக்காகச் செய்கிறேன் என்ற எண்ணம் கலந்திருந்தால், அதையும் மாற்று என்கிறாளாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர், களை. பயிருக்கு நடுவிலேயே முளைப்பது.

சைவத்திலும் இதே சொல்தான். கல்யாணப் பந்தலில் நின்ற சுந்தரரிடம் கிழவர் ஒருவர், நீ எனக்கு ஆள், உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ என்று வந்து நிற்கிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசி ஓலையைக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் போகிறது, மூல ஓலை வெளியே வருகிறது, கல்யாணம் நின்றுபோகிறது. பெரியபுராணத்தில் இந்தப் பகுதிக்குத் தடுத்தாட்கொண்ட புராணம் என்றே பெயர். கிழவராக வந்தவர் சிவன் என்று தெரிந்தபின் சுந்தரர் பாடியது, "உனக்காளாய் இனி அல்லேன் எனலாமே". உன் ஆளான பிறகு, இல்லை என்று சொல்லலாமா?

ஆகவே என் எழுத்தில் கைங்கரியத்துக்கு ஆட்செய்தல், பாரதந்திரியத்துக்கு ஆட்படுதல். இலக்குவன் ஆட்செய்தான், பரதன் ஆட்பட்டான். கீழ்ப்படிதலைப் பள்ளிக்கூடத்துக்கும் பட்டாளத்துக்கும் விட்டுவிடுகிறேன்.