விப்லாஷ் என்பது சவுக்கடி அல்ல

இங்கிலாந்தில் வாழும் தமிழர்களுக்காக வரும் விபத்து இழப்பீட்டுத் துண்டறிக்கைகளில் ‘சவுக்கடிக் காயத்துக்குப் பணம் பெறலாம்’ என்ற வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. காணொளிகளிலும் அதே சொல். வாகன மோதலில் கழுத்துக்கு வரும் காயத்தின் ஆங்கிலப் பெயரான ‘விப்லாஷ்’ (whiplash) என்பதை மொழிபெயர்ப்புச் செயலியிடம் கேட்டால் அதுவும் சவுக்கடி என்றே தருகிறது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை. சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த வண்டி இடித்து, கழுத்து நொந்துபோன ஒரு மனிதரை யார் சவுக்கால் அடித்தார்கள்?

முதலில் பொருள். பின்னாலிருந்து மோதல் விழும்போது இருக்கை உடம்பை முன்னுக்குத் தள்ளுகிறது. தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கழுத்து இரட்டை வளைவாக நெளிகிறது: கீழ்ப்பகுதி பின்பக்கம், மேல்பகுதி முன்பக்கம். அப்புறம் தலை முழுவதும் பின்னால் சாய்ந்து, உடனே முன்னால் வீசப்படுகிறது. தசையும் தசைநாரும் கழுத்தெலும்பின் சிறு மூட்டுகளும் இந்த இழுபறியில் காயப்படுகின்றன. எலும்பு பெரும்பாலும் முறிவதில்லை. எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வலியும் பலருக்கு உடனே வராமல், சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோ வரும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று மாதத்தில் குணமாகிவிடும். சிலருக்கு நீடிக்கும்.

இதில் கழுத்தின்மீது எதுவும் வந்து மோதவே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு சிக்கலானது இல்லை. ‘விப்’ என்பது பழைய டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகளில் துள்ளுதல், வீசியாடுதல் என்ற பொருள் கொண்ட வினையோடு உறவுடையது. ‘லாஷ்’ என்பதற்கு அடி என்ற பொருளும் உண்டு, சாட்டைக் கோலின் முனையில் தொங்கும் வார் என்ற பொருளும் உண்டு. இரண்டும் சேர்ந்த ‘விப்லாஷ்’ 16ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தபோது அந்த வாரைத்தான் குறித்தது. நேர்ச்சொல்லாகவே பெயர்ப்பதென்றாலும் ‘சாட்டை வார்’ என்றுதான் வந்திருக்க வேண்டும். அகராதியில் ‘லாஷ்’ என்ற பதிவின் பொருள்களில் ஒன்றை எடுத்து ஒட்டியதால் வந்தது சவுக்கடி.

மருத்துவத்துக்குள் இந்தச் சொல் நுழைந்த கதையைத் தமிழில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. ஹரோல்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1928இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில், வாகன விபத்தில் கழுத்தில் காயம்பட்ட எட்டுப் பேரைப் பற்றிப் பேசியபோது இதைப் பயன்படுத்தினார். 1964இல் அவரே அதற்காக வருந்தி எழுதினார். தான் ஓர் அசைவை விவரிக்கத்தான் அந்தச் சொல்லைச் சொன்னதாகவும், மருத்துவர்களும் நோயாளிகளும் வக்கீல்களும் அதையே ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டதாகவும், அதனால் தவறான பயன்பாடு பெருகியதாகவும் குறிப்பிட்டார். சொல்லைப் பயன்படுத்தியவரே ‘அசைவு’ என்கிறார். நாம் அதில் ‘அடி’யைச் சேர்த்திருக்கிறோம். ஆங்கிலத்தில் பாதி வழி தவறிய சொல்லைத் தமிழில் முழுவதும் வழிதவற வைத்திருக்கிறோம்.

அடி என்றால் தமிழில் என்ன? ‘விபத்தில் அடிபட்டது’ என்று பொதுவாகச் சொல்வோம், அதில் குறையில்லை. ஆனால் சவுக்கு, சாட்டை, பிரம்பு, கம்பு என்று ஒரு கருவியின் பெயர் முன்னால் நின்று ‘அடி’ பின்னால் வந்தால், அடித்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர் என்று இரண்டு பேர் உடனே கண்முன் வந்துவிடுகிறார்கள். பிரம்படி என்றால் ஆசிரியர் வருகிறார். சவுக்கடி என்றால் தண்டனை வருகிறது. அதிலும் இங்கிலாந்தில் உள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் ஈழத்திலிருந்து போனவர்கள். போருக்குத் தப்பிப் போனவர்களும், தடுப்புக்காவலில் அடி வாங்கிய உடம்போடு போனவர்களும் அவர்களுக்குள் உண்டு. அப்படி ஒருவரிடம் மருத்துவ அறிக்கைக்காக ‘உங்களுக்குச் சவுக்கடிக் காயம் இருக்கிறதா’ என்று கேட்டால் அவர் மனம் எங்கே போகும்? கார் விபத்துக்கா போகும்? இது வெறும் மொழிப்பிழை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்தக் கேள்விக்கு ஒருவர் ‘இல்லை’ என்று நேர்மையாகச் சொல்லிவிட்டால் அவருக்குச் சேர வேண்டிய தொகையும் போய்விடலாம்.

அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தால் சொல்லின் கனம் புரியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018ஆம் ஆண்டின் உரிமையியல் பொறுப்புச் சட்டம் விப்லாஷ் காயத்துக்குத் தனி வரையறை தருகிறது. கழுத்து, முதுகு, தோள் ஆகிய இடங்களில் தசை, தசைநாண், தசைநார் ஆகியவற்றில் ஏற்படும் சுளுக்கு, இழுப்பு, கிழிவு எல்லாம் அதில் அடங்கும். 2021 மே 31 முதல் இதற்கு நிலையான தொகைப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. காயம் மூன்று மாதத்துக்குள் ஆறிவிட்டால் 240 பவுண்டு. பதினெட்டு மாதத்துக்கு மேல் இரண்டு ஆண்டு வரை நீடித்தால் 4,215 பவுண்டு. 2025 மே 31 முதல் நடக்கும் விபத்துகளுக்கு இது சுமார் 15 விழுக்காடு கூட்டப்பட்டது. 240 என்பது 275 ஆனது. இந்தப் பட்டியல் கார் போன்ற வாகனங்களுக்குள் இருந்தவர்களுக்கு. மோட்டார் சைக்கிளில் போனவருக்கும் சைக்கிளில் போனவருக்கும் நடந்து போனவருக்கும் பொருந்தாது. மருத்துவ அறிக்கை இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் விப்லாஷ் வழக்கைப் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது.

ஆக, பணத்தைத் தீர்மானிப்பது வலி எத்தனை மாதம் நீடித்தது என்பது. அதைத் தீர்மானிப்பது அறிக்கை எழுதும் மருத்துவரிடம் காயப்பட்டவர் சொல்லும் விவரம். அவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் நடுவில் நிற்பது மொழிபெயர்ப்பாளர் வாயில் வரும் சொல். இன்னொன்றும் உண்டு. பிரிட்டனை ‘உலகின் விப்லாஷ் தலைநகர்’ என்று அரசியல்வாதிகளும் நாளேடுகளும் பல ஆண்டுகள் பேசினார்கள். பொய் வழக்குகள் பெருகிவிட்டன என்ற அந்தக் குற்றச்சாட்டுதான் மேற்சொன்ன சட்டத்துக்கே காரணம். அதனால் விப்லாஷ் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் கண்கள் அங்கே இருக்கின்றன. உண்மையாகவே நொந்தவர் முன்னுக்குப்பின் குழப்பமாகப் பதில் சொன்னால் அந்தச் சந்தேகம் அவர்மேல் விழும்.

சரி, மாற்று என்ன? சிலர் ‘சவுக்கு உருதுவழி வந்தது, சாட்டை தமிழ், எனவே சாட்டையடிக் காயம் என்போம்’ என்கிறார்கள். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. சவுக்கைவிடச் சாட்டை நல்ல சொல் என்பதிலும் ஐயமில்லை. யாழ்ப்பாணத்தில் சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்கும் மரம் வேறு நினைவுக்கு வரும். ஆனால் தவறான பெயர்ப்பில் பிறமொழிச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை வைத்தால் தவறு தமிழாகும், சரியாகாது. மேலும் ‘அமைச்சருக்கு நீதிமன்றம் சாட்டையடி’ என்று நாளேடுகள் அந்தச் சொல்லைக் கண்டனத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. தூய்மை பார்ப்பவர்கள் முதலில் பொருளைப் பார்க்க வேண்டும். வேர்ச்சொல் ஆராய்ச்சி அதற்கு அடுத்தது.

இன்னொரு பக்கம் ‘முடுக்க ஒடுக்கக் கழுத்துக் காயம்’ போன்ற ஆக்கங்கள். இயற்பியல் தெரிந்தவருக்கு இது தெளிவு. வேகம் ஏறுவதும் இறங்குவதும்தான் காயத்துக்குக் காரணம் என்பதை இது சரியாகவே சொல்கிறது. ஆய்வுக் கட்டுரையில் இருக்கட்டும். எழுபது வயது அம்மா ஒருவரிடம் இதைச் சொல்லிக் கேள்வி கேட்க முடியுமா?

‘கழுத்துச் சுளுக்கு’ என்போரை நான் மதிக்கிறேன். மக்கள் வாயில் உள்ள சொல், உடனே புரியும், சட்டத்தின் வரையறையிலும் சுளுக்கு இருக்கிறது. ஆனாலும் எனக்கு இரண்டு தயக்கம். தூக்கத்தில் தலை மாறிப்போனாலும் அது சுளுக்குத்தான்; விபத்தில் நேர்ந்தது என்ற செய்தி அதில் இல்லை. அதைவிடப் பெரிய தயக்கம், சுளுக்கு என்றதும் எண்ணெய் போட்டு வழித்து, கழுத்தைத் திருப்பி எடுத்துவிட ஆள் தேடுவது நம் பழக்கம். விபத்தில் காயப்பட்ட கழுத்தை அப்படித் திருப்பினால் கேடு வரும். நோய்ப்பெயரே தவறான வைத்தியத்துக்கு வழிகாட்டக் கூடாது.

நான் முன்வைப்பது ‘கழுத்துச் சொடுக்குக் காயம்’. சாட்டையை என்ன செய்கிறோம்? சொடுக்குகிறோம். மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது பெரும்பாலும் மாட்டின்மேல் அது படுவதே இல்லை. காற்றில் வெடுக்கென்று போய் வரும் அந்த வீச்சுதான் சொடுக்கு. குரோ சொல்ல நினைத்த அசைவுக்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது. அடித்தவர் யாரும் அதில் தேவையில்லை. ‘கழுத்து சொடுக்கிவிட்டது’ என்று வினையாகவும் சொல்லலாம், ‘சொடுக்கு வலி’ என்று பெயராகவும் சொல்லலாம். சவுக்கடியை அப்படி வளைக்க முடியாது.

கணினியில் சுட்டியை அமுக்குவதையும் சொடுக்கு என்கிறார்களே என்று கேட்பார்கள். கழுத்து என்று முன்னால் வந்துவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது. முடிதிருத்தகத்தில் கழுத்தில் சொடக்கு எடுப்பார்களே என்பது கொஞ்சம் வலுவான மறுப்பு. அதனால்தான் ‘காயம்’ என்பதை விடாமல் சேர்க்கச் சொல்கிறேன். அதற்கும் ஒப்பாதவர்கள் ‘விப்லாஷ்’ என்றே தமிழில் எழுதிவிட்டு ஒரு வரி விளக்கம் தரட்டும். பஸ்ஸையும் எக்ஸ்ரேயையும் ஏற்ற மொழி இதையும் தாங்கும். தவறான பொருள் தரும் தமிழ்ச் சொல்லைவிட, பொருள் கேட்க வைக்கும் கடன்சொல் எவ்வளவோ மேல்.

சட்டப் படிவத்தில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அங்கே விப்லாஷ் கழுத்தோடு நிற்பதில்லை, முதுகும் தோளும் சேர்ந்தது. ஆகவே ‘கழுத்துச் சொடுக்குக் காயம்: கழுத்து, தோள், முதுகுத் தசைகளில் ஏற்பட்டது’ என்று விரித்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வலியைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். நேரில் மொழிபெயர்ப்பவருக்குப் பெயரே வேண்டியதில்லை. ‘வண்டி இடித்தபோது தலை முன்னும் பின்னும் வெடுக்கென்று போனதா, எப்போது நோவு தொடங்கியது, எத்தனை நாள் நொந்தது, இப்போது தலையைத் திருப்ப முடிகிறதா’ என்று கேட்டால் எந்த ஊர்த் தமிழருக்கும் விளங்கும். ‘கழுத்து நோகுது’ என்பதையும் ‘கழுத்து வலிக்குது’ என்பதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு இரண்டு வழக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதே துண்டறிக்கைகள் கிடைக்கும் தொகையை ‘நிவாரணம்’ என்று எழுதுவதும் என்னை வருத்துகிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நிவாரணம் என்றால் நீக்குதல், தடுத்தல். வலி நிவாரணி வலியை நீக்குகிறது. முதலமைச்சர் பொது நிவாரண நிதி துயர் துடைக்கத் தரப்படுகிறது. கொடுப்பவர் மனம்வைத்துக் கொடுப்பது. விபத்தில் காயப்பட்டவர் கேட்பது அதுவல்ல. இன்னொருவரின் கவனக்குறைவால் தனக்கு ஏற்பட்ட இழப்புக்கு, அந்த ஆள் அல்லது அவருடைய காப்பீட்டு நிறுவனம் தந்தே தீர வேண்டிய ஈடு. இழப்பு, ஈடு இரண்டும் தமிழ். ஈடு என்பதில் சமம் என்ற பொருள் இருக்கிறது: ஈடுகட்டுதல், ஈடுகொடுத்தல், ஈடு இணையற்றது. இழந்ததற்குச் சமமாக எதிரில் வைப்பது இழப்பீடு. நிவாரணம் என்று எழுதும்போது உரிமையைக் கேட்பவர் கையேந்துபவர் ஆகிவிடுகிறார்.

‘நட்டஈடு’ என்று இலங்கைத் தமிழர் சொல்வதை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். நஷ்டம் வடசொல்தான், ஆனால் நட்டம் என்று நம் ஒலிக்குள் வந்துவிட்டது, ஈடும் அதில் பத்திரமாக இருக்கிறது. நிவாரணம் என்று எழுதப்பட்ட துண்டறிக்கையைத் திருத்த யாராவது முன்வந்தால் இழப்பீடு, நட்டஈடு இரண்டில் எதை வைத்தாலும் எனக்குச் சம்மதம்.