பட்டைத் தூளை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரமும் சர்க்கரை நோயாளி ஒருவர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். மூன்று மாதமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இல்லை, கொலஸ்ட்ரால் மாத்திரையும் இல்லை. தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பத்தைத் தாண்டியிருந்தது. "பட்டை சர்க்கரையைக் குறைக்கும்னு வாட்ஸ்அப்ல ஆராய்ச்சியே வந்திருக்கு சார்" என்கிறார்.

ஆராய்ச்சி வந்தது உண்மைதான். 2003-இல் பாகிஸ்தானில் 60 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு அது. பாதிப் பேருக்குத் தினம் 1, 3 அல்லது 6 கிராம் பட்டை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 40 நாளில் பட்டை சாப்பிட்டவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 18 முதல் 29 சதவீதம் குறைந்தது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலும் குறைந்தது. இந்த எண்களைத்தான் எல்லோரும் ஃபார்வர்டு செய்கிறார்கள். அந்த நோயாளிகள் தங்கள் சர்க்கரை மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பட்டையையும் சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மாத்திரைக்குப் பதிலாகப் பட்டை என்று அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை! 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது.

"எனக்கு நிஜமாவே குறைஞ்சுதே" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பட்டை ஆரம்பித்த அதே வாரம் இனிப்பை நிறுத்தினீர்களா, நடக்கப் போனீர்களா? பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். சரி, அப்புறம் பெருமை மட்டும் ஏன் பட்டைக்குப் போகிறது?

இயற்கையானது, கெடுதல் செய்யாது என்பது இன்னொரு நம்பிக்கை. மெட்ஃபார்மினின் மூலமும் ஒரு செடிதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா என்ற வகை. அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. காசியாத் தூள் ஒரு கிராமிலேயே ஏறக்குறைய 3 மில்லிகிராம் இருக்கலாம். இரண்டு ஸ்பூனுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். காகிதம்போல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. ஆனால் தூளாக்கிவிட்டால் எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது.

பிரியாணியிலும் குருமாவிலும் போடும் பட்டையைப் பற்றி நான் பேசவில்லை. அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பட்டைத் தூளைத் தொடவே வேண்டாம். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தினால் உடம்பு உடனே எதையும் காட்டிக்கொடுக்காது, அந்தத் தெம்பை நம்பாதீர்கள். வீட்டில் என்ன பொடி, என்ன கஷாயம் எடுக்கிறீர்களோ, தயவுசெய்து அந்தப் பாக்கெட்டையும் மாத்திரை அட்டையோடு கொண்டுவாருங்கள். திட்டமாட்டேன். எவ்வளவு, எத்தனை நாளாக என்று தெரிந்தால்தான் எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று என்னால் முடிவெடுக்க முடியும்.