பார்த்துப் பழகும் கை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பால்வெட்டு தொடங்கிவிடும். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரித்து, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார் வெட்டுபவர். புதிதாக வரும் இளைஞருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பாடம், "பக்கத்துல நின்னு பாரு மக்கா" என்பதுதான்.

வெறுமனே பார்த்து நிற்பதும் படிப்புதான் என்பதைச் சோதனைகளால் காட்டியவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அப்படியே அடித்தார்கள் என்ற 1961ஆம் ஆண்டுச் சோதனை பலருக்கும் தெரியும். எனக்கு 1965இல் வந்த சோதனைதான் முக்கியமாகப் படுகிறது. அதில் அடித்தவர் தண்டனை பெறுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அதைச் செய்தார்கள். பிறகு, பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு என்றதும், அவர்களும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். கற்றது உள்ளே இருந்தது. வெளிவரக் காரணம்தான் இல்லை.

கவனிப்பது, நினைவில் வைப்பது, உடம்பால் செய்வது, செய்யத் தூண்டுதல் இருப்பது என நான்கு படிகளைப் பண்டூரா சொன்னார். பால்வெட்டில் மூன்றாவதுதான் ஆளைச் சோதிக்கும். பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் கேம்பியம் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே நிறுத்த வேண்டும். சாய்வைக் கண் கற்றுக்கொள்ளும். ஆழத்தைக் கைதான் வெட்டி வெட்டிக் கற்க வேண்டும்.

ஏன் அந்தச் சாய்வு? காரணம் தெரியாமலே பல ஆண்டுகள் சரியாக வெட்டுபவர்கள் உண்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்பக்கம் சற்றே சாய்ந்து மேலேறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகக் குழாய்களைத் திறக்கும்.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் வழியைத் தேவையற்ற செய்கைகளும் கலந்து செய்து காட்டினார்கள். பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரிந்தபோது சிம்பன்சிகள் வீண் செய்கைகளை விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ அவற்றையும் விடாமல் செய்தார்கள். இதைக் குழந்தைகளின் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. பட்டைக்குள் ஒளிந்திருக்கும் காரணத்தைப் போல, மனிதத் தொழில்கள் பலவற்றின் காரணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீண் என்று நினைத்துச் சாய்வை விட்டிருந்தால் சிரட்டையில் பால் குறைந்திருக்கும்.

அதற்காக இது கண்மூடித்தனமும் அல்ல. 2002இல் வெளியான இன்னொரு சோதனையில், 14 மாதக் குழந்தைகள் முன் ஒரு பெண் விளக்கை நெற்றியால் அழுத்தி எரியவைத்தார். கைகள் சும்மா இருந்தும் அவர் அப்படிச் செய்தபோது 69 சதவீதக் குழந்தைகள் நெற்றியைப் பயன்படுத்தினார்கள். போர்வையைப் பிடித்திருந்ததால் அவர் கைகள் ஒழியவில்லை என்றபோது 21 சதவீதம்தான். பேச்சு வருவதற்கு முன்பே, இவர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று எடைபோடத் தொடங்கிவிடுகிறோம். கட்டைவிரலில் துணி சுற்றிய பால்வெட்டுக்காரர் கத்தியைக் கோணலாகப் பிடித்தால், பக்கத்தில் நிற்கும் இளைஞர் சாய்வை எடுத்துக்கொள்வார், அந்தப் பிடியை விட்டுவிடுவார்.