போர்க்கால கார்ட்டூனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

நெப்போலியன் குள்ளன் என்று இன்னொரு பள்ளிக் கண்காட்சி அட்டை. ஆதாரமாக ஒட்டியிருப்பது ஒரு பிரிட்டிஷ் கேலிச்சித்திரம்! எதிரி வரைந்த படத்தை வைத்து ஆளின் உயரத்தை அளக்கும் பழக்கம் என்றைக்குத்தான் ஒழியுமோ.

பொறுமையாகவே சொல்கிறேன். நெப்போலியனின் உயரம் பிரெஞ்சுக் கணக்கில் 5 அடி 2 அங்குலம். அந்தக் கால பிரெஞ்சு அங்குலம் ஏறக்குறைய 2.7 செ.மீ.; ஆங்கில அங்குலம் 2.54 தான். பிரெஞ்சு அடியும் அதற்கேற்ப நீளம். பெருக்கிக் கூட்டினால் சுமார் 168 செ.மீ., நம் கணக்கில் ஐந்தரை அடி. அன்றைய பிரெஞ்சு ஆண்களில் இது குட்டை உயரமே இல்லை. பிறகு குள்ளன் எங்கிருந்து வந்தான்? 1803இல், பிரெஞ்சுப் படை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்துவிடும் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது, லண்டன் கேலிச்சித்திர ஓவியர் ஜேம்ஸ் கில்ரே அவரை ‘லிட்டில் போனி’ ஆக்கி, மேசை நாற்காலியை உதைத்துத் தள்ளி அழிச்சாட்டியம் செய்யும் பொடியனாக வரைந்தார். அந்தப் படத்தை வைத்து அளக்க முடிந்தது லண்டன்காரர்களின் பயத்தை மட்டுமே.

இன்னொன்று: கில்ரேயின் படங்கள் செப்புத்தகட்டில் அச்சாகி, கையால் வண்ணம் தீட்டி விற்கப்பட்டவை. பிரதிக்குப் பிரதி நிறம் மாறும். நெப்போலியனின் கோட்டு என்ன நிறம் என்ற சண்டையும் வேண்டாம்.

அடுத்த தொல்லை, தேதியை வெட்டிவிட்டுப் பகிர்வது. லண்டன் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ வரைந்த படத்தில் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தின் பிணத்துக்கு மேல் தொப்பியைக் கழற்றி ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்கிறார்கள். வெளியானது 1939 செப்டம்பர் 20. சோவியத் படை போலந்துக்குள் நுழைந்து மூன்றே நாள். ஹிட்லர் சோவியத் மீதே படையெடுத்த 1941 ஜூனுக்குப் பிறகு அதே ஸ்டாலின் பிரிட்டனின் கூட்டாளி. தேதி இல்லாத இந்தப் படத்தை வைத்துக்கொண்டு ‘பிரிட்டன் ஸ்டாலினை எப்படிப் பார்த்தது’ என்று பாடம் நடத்தினால், பாதிப் போர் காணாமல் போய்விடும்.

போர்க்கால கார்ட்டூன் என்றால் அரசாங்கம் சொல்லிக்கொடுத்து வரைந்தது என்று நினைப்பவர்களுக்கு கார்ட்டூனிஸ்ட் பிலிப் ஸெக்கின் கதை. 1942 மார்ச், லண்டன் ‘டெய்லி மிரர்’. கப்பல் மூழ்கிப்போய், நடுக்கடலில் மிதக்கும் மரச்சிதைவின் மேல் துவண்டு கிடக்கிறான் மாலுமி. கீழே, பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்ந்தது என்ற அறிவிப்பு வாசகம். உயிரைக் கொடுத்துக் கொண்டுவரும் எண்ணெயை வீணாக்காதீர்கள் என்பது ஸெக் சொல்ல நினைத்தது. சர்ச்சில் அரசு அதை, முதலாளிகளின் லாபத்துக்காக மாலுமிகள் சாகிறார்கள் என்று படித்தது. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மோரிசன் பத்திரிகையையே மூடிவிடுவதாக எச்சரித்தார், உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5 ஸெக்கின் பின்னணியைத் துருவியது. மனஉறுதி ஊட்ட வரைந்த படத்துக்கே இந்தக் கதி.

‘சிரிப்புப் படம்தானே, இதில் என்ன?’ என்று கேட்பவர்கள், குழந்தைகள் புத்தகங்களுக்குப் பேர்போன அமெரிக்கர் டாக்டர் ஸூஸ் 1942 பிப்ரவரி 13 அன்று நியூயார்க்கின் ‘பி.எம்.’ நாளிதழில் வரைந்ததைப் பார்க்கட்டும். ஜப்பானிய அமெரிக்கர்கள், எல்லோருக்கும் ஒரே முகம், நீண்ட வரிசையில் நின்று வெடிமருந்துப் பொட்டலம் வாங்குகிறார்கள். ஆறாம் நாள் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், ஜப்பானிய அமெரிக்கர்களை வெளியேற்ற வழிசெய்த 9066ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள்; மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். படத்தால்தான் ஆணை வந்தது என்று சொல்லவில்லை. அன்று வீசிய காற்று அது.

ஆகவே தயவுசெய்து: நான்கு ஓரமும் தெரியும் முழுப் படத்தை எடுங்கள். ஓவியர் கையெழுத்து, பத்திரிகை, தேதி, கீழேயுள்ள வாசகம், இவற்றில் ஒன்று குறைந்தாலும் அட்டையில் ஒட்டாதீர்கள். அந்த வாரம் யார் யாருக்குக் கூட்டாளி என்று பாருங்கள். வாசகத்தை மொழிபெயர்த்தால் மூலத்தையும் கூடவே வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஆப்பில் வண்ணம் பூசாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸூஸின் அந்த வரிசையை வகுப்பில் காட்டினால் தனியாகக் காட்ட வேண்டாம். அதே 1942இல் டோரதியா லாங்கே எடுத்த புகைப்படங்களில், முகாமுக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. குழந்தைகளின் கோட்டில் தொங்கும் அடையாளச் சீட்டு தெரிகிற மாதிரிப் பெரிதாக அச்செடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.