பதினாறு வயதில் ஏ.எல். எழுதலாமா? முந்தி எழுத நினைப்போர் பார்க்க வேண்டிய விதிகள்

பிள்ளை படிப்பில் சுட்டி, தரம் 11 பாடங்களை ஒன்பதாம் தரத்திலேயே முடித்துவிட்டது, ஏ.எல். எனும் உயர்தரப் பரீட்சையையும் இரண்டு வருடம் முந்தி எழுதவிட்டால் என்ன? இப்படிக் கேட்கும் பெற்றோருக்குக் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குறைவில்லை. கேள்வியில் நியாயமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, 2023க்குரியது 2024 ஜனவரியில். பெறுபேறு, வெட்டுப்புள்ளி, கம்பஸ் அனுமதி எல்லாம் வந்து சேர்வதற்குள் பிள்ளைக்கு இருபது வயதாகிவிடுகிறது. முன்னாலேயே கொஞ்சம் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யாருக்கும் தோன்றும்.

பாடசாலை வழியாக அந்த நேரத்தைப் பிடிப்பது கடினம். ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத்தான் முதலாம் தரத்தில் சேர்ப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினால் ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சை ஏறத்தாழ 16 வயதில், ஏ.எல். 18 அல்லது 19இல். உயர்தர வகுப்புக்குள் போக ஓ.எல்.இல் ஆறு பாடச் சித்தியும் அவற்றில் மூன்று திறமைச் சித்தியும் கேட்பது வழமை. அதன்பிறகு பாடசாலைப் பரீட்சார்த்தியாக ஏ.எல்.க்கு விண்ணப்பிக்க 80 வீத வரவும் வேண்டும். ஆகவே இங்கே பிறந்த திகதியைவிட வகுப்புப் படிதான் வேலி. ஒரு வகுப்பைத் தாண்டி ஏற்றிவிட்டார்கள் என்று தாத்தாமார் பெருமையாகச் சொல்லும் 'டபிள் புரமோஷன்' கதைகளை நம்பி அதிபரின் அறைக் கதவைத் தட்டிப் பயனில்லை.

மிச்சமிருப்பது தனிப்பட்ட பரீட்சார்த்தி வழி. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணம் இல்லை, தனிப்பட்டவர் கட்ட வேண்டும். விண்ணப்பம் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் ஊடாகப் போகும். யார் விண்ணப்பிக்கலாம், எந்த அடையாள ஆவணம் வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த வருட அறிவுறுத்தலில் இருக்கும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிப் போட்டது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

விண்ணப்பம் போடலாமா என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. எழுதினால் கையிலிருந்து என்ன போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதிக்கு முதல் மூன்று தடவைகளின் பெறுபேற்றை மட்டுமே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கணக்கில் எடுக்கிறது. 'சும்மா ஒருக்கா எழுதிப் பார்க்கட்டும்' என்று 16 வயதில் அனுப்பினால் மூன்றில் ஒன்று செலவாகிவிடும். பிறகு பாடசாலையோடு எழுதுவதே அந்தப் பிள்ளைக்கு செகண்ட் ஷை, அதாவது இரண்டாம் தடவை. அதில் ஒரு காய்ச்சல், ஒரு பாடம் பிழைத்தது என்றால் மிஞ்சுவது ஒன்றுதான். வாய்ப்பை வீணாக்காமல் பழக வேண்டுமென்றால் கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்து வீட்டிலேயே எழுதவிடலாம். அதற்கு விண்ணப்பமும் தேவையில்லை, செலவும் இல்லை.

இன்னொரு விதியையும் பலர் கவனிப்பதில்லை. மூன்று பாடங்களிலும் சித்தியை ஒரே அமர்வில் பெற வேண்டும். கணிதத்தை இந்த வருடம் முடித்துவைத்துவிட்டு, பௌதிகத்தையும் இரசாயனத்தையும் அடுத்த வருடம் எழுதி மூன்றையும் ஒட்ட முடியாது. ஏ.எல்.ஓடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் வேண்டும். கணிதத்தில் மட்டும் வயதை மீறி ஓடும் பிள்ளைக்கு உள்நாட்டு ஏ.எல். தோதுப்படாதது இதனால்தான். மற்ற இரண்டு பாடமும் அதே வேகத்தில் வந்தாக வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் வயது பார்க்காது. அந்த வருடம் அதே பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் உங்கள் பிள்ளையின் புள்ளி எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே அதன் கணக்கு. 16 வயதுப் பிள்ளை இரண்டாம், மூன்றாம் தடவை எழுதும் இருபது வயது அண்ணன்மாரோடும் சேர்த்தே அளக்கப்படும். கொழும்பு என்றால் இன்னும் ஒரு இறுக்கம் உண்டு. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகையின்படியும் போகின்றன. மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, அதில் கொழும்பு இல்லை. சொந்த ஊர் வவுனியாவாகவோ மன்னாராகவோ இருந்தாலும், பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் பம்பலப்பிட்டியில் படித்த பிள்ளை கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைதான்.

லண்டன் ஏ.எல். என்று நாம் சொல்லும் கேம்பிரிட்ஜ், எடெக்செல் பரீட்சைகள் வேறு மாதிரி. அவற்றுக்கு வயதெல்லை இல்லை. பாடம் பாடமாக, வெவ்வேறு அமர்வுகளில் எழுதலாம். எடெக்செலின் சர்வதேச ஏ.எல். அலகு அலகாகவே நடக்கிறது. சர்வதேசப் பாடசாலையில் இல்லாத பிள்ளையும் கொள்ளுப்பிட்டியில் உள்ள பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாகத் தனிப்பட்ட முறையில் பதியலாம். 14 வயதில் கணிதம் மட்டும், 16இல் மற்றவை என்று பிரித்து எழுத விரும்புவோருக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் இதற்கு இசட் புள்ளி கிடையாது. ஆகவே இதை வைத்து அரச பல்கலைக்கழகத்தின் வழமையான அனுமதிக்குப் போக முடியாது. வெளிநாடோ, இங்குள்ள தனியார் நிறுவனமோ என்று முடிவெடுத்த குடும்பத்துக்குத்தான் சரிவரும். பரீட்சைக் கட்டணமும் பவுணை ஒட்டி ஏறி இறங்கும்.

வெளிநாடு என்றாலும் வயது விட்டுவிடாது. பரீட்சைக்கு எல்லை இல்லாத இடத்தில் அனுமதிக்கு எல்லை வரும். பிரித்தானிய மருத்துவ பீடங்கள் பல, படிப்பு தொடங்கும்போது 18 வயதைக் கேட்கின்றன. அங்கே மாணவர் விசாவுக்குக் குறைந்தது 16 வயது, 18க்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க எழுதும் நீட் நுழைவுத் தேர்வுக்கு, அனுமதி பெறும் வருடத்தின் டிசம்பர் 31இல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அதில் விலக்கு இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கு வயதுத் தடை இல்லை. 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மட்டும் இணையத்தில் பதிய முடியாது, தாளில் விண்ணப்பிக்க வேண்டும். சிறுவர் அதை எழுதுவது புதுமையும் அல்ல. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லி 1970களிலேயே 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துக் கணிதத் திறமையை அளந்தார். அவர் தேடியது அடுத்து எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்பதற்கான அளவுகோலை. ஆஸ்திரேலியாவில் பிறந்த கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் எட்டு வயதில் கணிதப் பகுதியில் 800க்கு 760 எடுத்தார். அவர் முதற்பட்டம் பெற்றது 16 வயதில். இடைப்பட்ட எட்டு வருடத்தைப் பத்திரிகைகள் சொல்லும் அதிசயக் குழந்தைக் கதைகளில் காண்பது அரிது. எஸ்.ஏ.ரி.யை உங்கள் பிள்ளை 13 வயதில் எழுதினாலும் இங்குள்ள மூன்று தடவைக் கணக்கில் அது சேராது என்பதால், பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய ஆசைப்படுவோருக்கு ஆபத்தில்லாத வழி அது.

இவ்வளவுக்குப் பிறகும் உள்நாட்டு ஏ.எல்.ஐ முந்தி எழுத வேண்டும் என்று நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் கொழும்பு 7, வார்ட் பிளேசில் உள்ள ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை எடுத்துத் தடவைகள் பற்றிய பகுதியையும் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் பகுதியையும் வாசியுங்கள். தமிழிலும் வெளிவருகிறது. பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருந்தால் தேசிய அடையாள அட்டைக்குக் கிராம அலுவலரிடமோ பாடசாலையிலோ இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். நிறையவில்லை என்றால் கடவுச்சீட்டு எடுத்துவைப்பது நல்லது.